எந்த மரத்துக்கு எத்தனை பல்?

செட்டிநாட்டு ஊர்களில் பழைய வீடு ஒன்றைப் பிரிக்கும்போது முதலில் ஓடு இறங்கும். அதன்பின் வாரை, உத்தரம், தூண், நிலை, கதவு என்று ஒவ்வொன்றாக மரம் வெளியே வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் பர்மாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த தேக்கு அது. செதுக்கு வேலை உள்ள கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடும். செதுக்கில்லாத உத்தரமும் பலகையும் மரப்பட்டறைக்கு வரும். அங்கே அறுபட்டு, இழைக்கப்பட்டு, கட்டிலாகவும் சாப்பாட்டு மேசையாகவும் பூஜை அறைக் கதவாகவும் இன்னொரு வீட்டுக்குக் குடிபோகும்.

அப்படிப்பட்ட பட்டறை ஒன்றில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, தலை நரைத்த இன்றும் மேசை ரம்பத்தின் முன்னால் நிற்கும் ஒரு மேஸ்திரியின் தொழில் அனுபவம் இது. பட்டறைச் சுவரில் ஆணியடித்து வட்ட ரம்ப பிளேடுகளை வரிசையாக மாட்டிவைத்திருக்கிறார். ஒவ்வொரு தகட்டிலும் மார்க்கர் பேனாவால் ஒரு சொல்: நெட்டு, குறுக்கு, மைக்கா, பழசு. வேலைக்குப் புதிதாக வரும் பையன் உளி பிடிப்பதற்கு முன்னால் இந்த நாலு சொல்லையும் படித்துக்கொள்ள வேண்டும். மெஷின் விற்க வருகிறவர்கள் மோட்டாரின் குதிரைத்திறனில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். மேஸ்திரி பாதியிலேயே நிறுத்திவிடுவார். “மோட்டார் சுத்தத்தான் செய்யும் தம்பி. அறுக்கிறது பல்லு. என்ன பிளேடு போட்டுத் தர்றீங்க, அதைக் காட்டுங்க.”

மெஷினோடு வந்த பிளேடே தேய்கிற வரைக்கும் எல்லா வேலைக்கும் ஓடுவது நம் பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. தச்சு வேலையில் இதைவிடச் செலவு வைக்கிற சிக்கனம் கிடையாது. மரம் கருகுகிறது, விளிம்பு பிசிறடிக்கிறது, மோட்டார் திணறுகிறது, ஒட்டிய இணைப்பு வாய் திறக்கிறது. குறை மரத்தின் மீதும் மெஷினின் மீதும் போகிறது. பல்லை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

மேஸ்திரி தொழிலுக்கு வந்த காலத்தில் இரும்பு பிளேடுதான். மாலையில் விளக்கு வைப்பதற்கு முன்னால் முக்கோண அரம் எடுத்துக்கொண்டு பல் பல்லாக ராவ வேண்டும். ஒரு பல் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று திருப்பியும் வைக்க வேண்டும். வேம்பும் மாவும் அறுத்தால் அந்தக் கூர் ஓரளவு தாங்கும். தேக்கு வந்துவிட்டால் தாங்காது. தேக்கின் உடம்பிலேயே மணலின் சரக்கான சிலிக்கா இருக்கிறது, சில மரங்களில் 1.4 சதவீதம் வரை. கையில் தடவினால் எண்ணெய்ப் பசையும் வழவழப்புமாக இருக்கும் அதே மரம், எஃகுப் பல்லை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். பனஞ்சட்டத்தின் கருநாரும் தென்னைமரமும் இந்த விஷயத்தில் தேக்குக்குச் சளைத்தவை அல்ல.

வட்டமாகச் சுழலும் ரம்பத்துக்கு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் காப்புரிமை பெற்றது 1777-இல். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பல்லும் தகடும் எஃகாகவே இருந்தன. 1923-இல் ஜெர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர் டங்ஸ்டன் கார்பைடு பொடியைக் கோபால்ட்டோடு சேர்த்துச் சுட்டு இறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் க்ரூப் நிறுவனம் அதை ‘விடியா’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் ஊர் லேத்துப் பட்டறைகளில் இன்றும் அந்தப் பெயர் புழங்குகிறது. அந்தக் கார்பைடைச் சிறு துண்டுகளாக்கி, எஃகுத் தகட்டின் பல் நுனியில் வெள்ளி கலந்த பற்றவைப்பால் ஒட்டியதுதான் இப்போது கடையில் டிசிடி என்று கேட்டு வாங்கும் பிளேடு. தேக்கை அறுக்கிற பட்டறைக்கு இது வந்தது மேஸ்திரியின் மாலை நேரங்களைத் திருப்பிக் கொடுத்தது. கூடவே ஒரு புது வேலையும் வந்து சேர்ந்தது: இரும்பு பிளேடில் பல்லை அவரே வேலைக்குத் தக்கபடி ராவி வைத்துக்கொள்ளலாம், கார்பைடில் அது முடியாது, வாங்கும்போதே சரியானதாகப் பார்த்து வாங்கியாக வேண்டும்.

எதைப் பார்ப்பது? முதலில் நெட்டா குறுக்கா என்பதை.

மரம் நீளவாக்கில் ஓடும் நார்களின் கட்டு. நெட்டுவாக்கில் அறுக்கும்போது பல் அந்த நாரோடு போகிறது. நீளநீளமான சுருளாக மரம் பெயர்ந்து வரும். அந்தச் சுருள் தங்க இடம் வேண்டும். அதனால் நெட்டு அறுப்பு பிளேடில் பல் குறைவாகவும், பல்லுக்குப் பல் நடுவிலுள்ள குழி ஆழமாகவும் இருக்கும். 10 அங்குல பிளேடில் 24 பல் என்பது சரியான கணக்கு. பல்லின் தலை உளியைப் போலத் தட்டையாகவும், பல் முன்னால் நன்றாகச் சாய்ந்தும், கிட்டத்தட்ட 20 டிகிரியில், இருக்கும். மரத்தை அது தானே இழுத்துக்கொள்ளும். தள்ளுகிறவர் கைக்கு வேலை குறைவு.

குறுக்கே வெட்டும்போது கதை வேறு. ஒவ்வொரு நாரையும் துண்டிக்க வேண்டும். துண்டிக்காமல் தள்ளினால் நார் பிய்ந்து, விளிம்பில் சிலும்பாக நிற்கும். இதற்கு 60 அல்லது 80 பல் வேண்டும். பல்லின் தலையும் தட்டையாக இருக்கக் கூடாது. ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறிச் சரிந்திருக்க வேண்டும். கத்தி நுனியைப் போல அது முதலில் இரு ஓரத்திலும் நாரைக் கீறிவிடும், பிறகுதான் நடுவில் உள்ளது வெளியேறும். முன்சாய்வும் நெட்டு பிளேடைவிடக் குறைவு, 10 முதல் 15 டிகிரி.

“பல்லு அதிகமா இருந்தா நல்லாத்தானே அறுக்கும்? 80 பல்லையே எல்லாத்துக்கும் போட்டுட்டா என்ன மேஸ்திரி?” புதிதாக வரும் பையன்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. அவர் சாக்பீஸ் எடுத்து மெஷினின் மேசைமேலேயே கணக்குப் போடுவார். பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. 24 பல் என்றால் நிமிடத்தில் 72,000 கொத்து. அதே நிமிடத்தில் நாம் 3 மீட்டர் மரம் தள்ளுகிறோம், 3,000 மில்லிமீட்டர். ஒரு பல்லின் பங்குக்கு 0.04 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே கிடைக்கிறது. 80 பல் போட்டால் கொத்து 2,40,000 ஆகிவிடும்; ஒரு பல்லின் பங்கு 0.0125 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லியதைப் பல்லால் சீவ முடியாது, உரசத்தான் முடியும். உரசல் சூடாகிறது, குழி தூளால் அடைத்துக்கொள்கிறது, தேக்கின் பிசின் உருகிப் பல்லில் ஒட்டுகிறது, மரத்தின் பக்கவாட்டில் கரிக்கோடு விழுகிறது. ஒன்றரை அங்குலத் தேக்கை 80 பல் பிளேடில் நெட்டுவாக்கில் அறுத்த பட்டறையை, உள்ளே நுழையும் முன்பே வாசனையில் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி.

அறுப்பு சரியாக நடக்கிறதா என்று அவர் மரத்தைப் பார்ப்பதற்கு முன் தூளை எடுத்துப் பார்ப்பார். உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்ப்பார். நெட்டு அறுப்பில் சிறு சிறு சீவலாக, கையில் குத்துகிற பதத்தில் இருந்தால் பல் வேலை செய்கிறது. மாவாக இருந்து வெதுவெதுப்பாகவும் இருந்தால் உடனே மெஷினை நிறுத்தச் சொல்வார்.

இரண்டுக்கும் நடுவில் 40 பல், 50 பல் பிளேடுகள் உண்டு. 50 பல்லில் நான்கு சரிவுப் பல்லுக்கு ஒரு தட்டைப் பல் என்று ஐந்தைந்தாகப் பத்துத் தொகுதி; ஒவ்வொரு தொகுதிக்கும் பின்னால் பெரிய குழி. வீட்டுக்குள் கொண்டுபோய் ஒரே மெஷினில் எல்லாம் செய்கிற வேலைக்கு இது பரவாயில்லை. பட்டறை வைத்திருப்பவர் இதை நம்பி இருப்பதை மேஸ்திரி ஏற்பதில்லை. பிளேடு மாற்றுவதற்கு ஆகிற நேரம், கரிக்கோட்டை இழைத்துப் போக்குகிற நேரத்தில் சிறு பங்குதான்.

அடுத்தது தடிமன். இங்கேதான் தச்சர்களின் பழைய அளவு அழகாக வந்து பொருந்துகிறது. அங்குலத்துக்கு 8 நூல். முழுத் தடிமன் பிளேடு மரத்தில் விடுகிற வழி 3.2 மில்லிமீட்டர், கிட்டத்தட்டச் சரியாக ஒரு நூல். ஆகவே மேசை ரம்பத்தில் போகிற ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு நூல் தேக்கு தூளாகிறது. 8 அங்குலப் பலகையில் 1 அங்குலச் சட்டம் எட்டு வரும் என்று வாடிக்கையாளர் கணக்குப் போட்டுக்கொண்டு வருவார். ஏழுதான் வரும். ஏழு அறுப்புக்கு ஏழு நூல் போய், கடைசியில் கையில் நிற்பது ஒரு நூல் தகடு. மெல்லிய பிளேடு போட்டால் வழி 2.4 மில்லிமீட்டர், முக்கால் நூல். அப்போதும் சட்டம் ஏழுதான். ஆனால் மிஞ்சுவது ஏறக்குறைய இரண்டே முக்கால் நூல், கண்ணாடி நிறுத்த பீடிங்காகப் பயன்படும். பர்மா தேக்கில் அந்த பீடிங்குக்கு விலை உண்டு.

மெல்லிய பிளேடுக்கு மோட்டார் பலமும் குறைவாகப் போதும். ஒரு குதிரைத்திறன், ஒன்றரைக் குதிரைத்திறன் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு அது உண்மையாகவே நல்லது. தடித்த கனமரத்தில் மட்டும் மெல்லிய தகடு சூடேறி நெளியும். அறுப்பு நூல் பிடித்த மாதிரி போகாது. 3 குதிரைத்திறன் இருக்கிற மெஷினில் மேஸ்திரி முழுத் தடிமனைத்தான் போடுகிறார்.

மெல்லிய பிளேடு வாங்குகிறவர்கள் தவறாமல் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பிளேடுக்குப் பின்னால் நிற்கிற பிரிப்புத் தகடு. அறுபட்ட இரண்டு பாதியும் மறுபடி சேர்ந்து பிளேடைக் கவ்வாமல் தடுப்பது அதுதான். கவ்வினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கே போதும்: 10 அங்குல பிளேடு 3,000 சுற்றில் ஓடும்போது பல்லின் வேகம் விநாடிக்கு 40 மீட்டர், மணிக்கு 144 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பின்பக்கத்துப் பல் மரத்தைத் தூக்கி, தள்ளுகிறவரின் வயிற்றை நோக்கி எறியும். பிரிப்புத் தகடு, பிளேடின் உடம்பைவிடத் தடித்தும் அது விடுகிற வழியைவிட மெலிந்தும் இருக்க வேண்டும். 3.2 மில்லிமீட்டர் பிளேடுக்கென்று வைத்த 2.5 மில்லிமீட்டர் தகட்டோடு 2.4 மில்லிமீட்டர் பிளேடை மாட்டினால் மரம் தகட்டில் முட்டி நின்றுவிடும். நின்றதும் பலர் செய்வது தகட்டைக் கழற்றி வீசுவது. கழற்ற வேண்டியது பிளேடை.

பிளைவுட்டும் மைக்கா ஒட்டிய பலகையும் வந்த பிறகு மேஸ்திரியின் சுவரில் மூன்றாவது ஆணி ஏறியது. பிளைவுட்டின் மேல்தோல் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. குறுக்குப் பல் பிளேடு அதற்கு நன்றாகவே ஒத்துவரும். நல்ல முகம் மேலே பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மேசை ரம்பத்தில் பல் மேலிருந்து கீழாக இறங்குகிறது. பிசிறு விழுந்தால் கீழ்ப்பக்கம்தான் விழும். கையில் பிடித்து அறுக்கிற வட்ட ரம்பத்தில் இது தலைகீழ். மைக்காவும் எம்டிஎஃபும் வேறு சாதி. அவற்றிலுள்ள பிசின் கல்லாக இறுகியிருக்கும். சரிவுப் பல்லின் மெல்லிய நுனி சீக்கிரம் மழுங்கிவிடும். இதற்கு வந்ததுதான் டிசிஜி என்கிற பல்: இரு ஓரமும் சீவிய உயரமான பல் ஒன்று நடுவில் வழி போடும், அதைவிடச் சற்றுத் தாழ்ந்த தட்டைப் பல் பின்னால் வந்து ஓரங்களைத் துடைக்கும். 80 பல் இருந்தால் போதும்.

இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டிய பலகையைச் சில்லுப் பெயராமல் அறுக்க வேண்டும் என்றால் சாதாரண மேசை ரம்பத்தில் மல்லுக்கட்ட வேண்டாம் என்று வாடிக்கையாளரையே திருப்பி அனுப்பிவிடுகிறார். அதற்கென்று பேனல் மெஷின்கள் இருக்கின்றன. 1906-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் அல்ட்டென்டார்ஃப் உருவாக்கிய நகரும் மேசை ரம்பத்தின் வழிவந்தவை அவை. பெரிய பிளேடுக்கு முன்னால் சின்ன பிளேடு ஒன்று எதிர்த்திசையில் சுழன்று, அடிப்பக்க மைக்காவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீறிவிடும். பெரிய பிளேடு அந்தக் கீறலில் இறங்குவதால் கீழேயும் ஓரம் சுத்தமாக வரும்.

எம்டிஎஃப் அறுக்கிற நாளில் பட்டறையில் எல்லார் மூக்கிலும் மாஸ்க் இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் சேர்த்தது. மாஸ்குக்குப் பதில் ஈரத்துண்டு கட்டினால் போதாது.

நாலாவது ஆணியில் தொங்கும் ‘பழசு’தான் இந்த ஊருக்கே உரியது. பிரித்த வீட்டு உத்தரத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கொல்லன் அடித்த சதுர ஆணி, ஊஞ்சல் சங்கிலி மாட்டிய கொக்கியின் முறிந்த கால், பின்னால் வந்தவர்கள் மின்கம்பி ஓட்ட அடித்த கிளிப் ஆணி. கார்பைடு கடினமானது, அதனாலேயே எளிதில் உடையும். ஆணியில் பட்டால் எஃகுப் பல் மழுங்கும், கார்பைடு முனை சிதறிப் பறக்கும்.

தாத்தா வீட்டு உத்தரத்தில் சாப்பாட்டு மேசை செய்துகொள்ள வந்த ஆச்சி ஒருவர், வண்டியிலிருந்து இறக்கியதும் அறுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்துப் பட்டறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி முதலில் கம்பி பிரஷ் எடுத்தார். உத்தரத்தின் இரு முனையும் சுவருக்குள் இருந்தவை. சுண்ணாம்புக் காரையும் மணலும் அப்பியிருந்தன. அதைத் தேய்த்து உதறினார். பிறகு நூலில் கட்டிய காந்தத்தை மரத்தை ஒட்டி மெல்ல இழுத்துக்கொண்டே போனார். காந்தம் ஓர் இடத்தில் திரும்பி மரத்தில் ஒட்டிக்கொண்டது. மேலே பார்த்தால் ஒன்றும் இல்லை, கருத்த ஒரு புள்ளிதான். தேக்கில் இரும்பு இறங்கிய இடம் அப்படித்தான் கறுக்கும்.

“ஒரு ஆணிக்கா இவ்வளவு நேரம் மேஸ்திரி?”

“இல்லைங்க ஆச்சி, இது உங்க தாத்தா காலத்து ஆணி. விட்டா பல்லு பறக்கும், பல்லு பறந்தா பையன் கண்ணு போகும்.”

உளியால் சுற்றிலும் தோண்டி, குறடு போட்டுப் பிடுங்கினார். விரல் நீளத்துக்கு ஆணி துருவோடு வந்தது. அதன்பிறகும் நல்ல பிளேடைப் போடவில்லை. ‘பழசு’ என்று எழுதியது, தேய்மானத்தில் கடைசிக் கட்டத்தில் இருக்கும் 24 பல் பிளேடு. முதலில் நாலு முகத்தையும் அதில் வழித்தெடுத்தார். உள்ளே புதுமரம் போலப் பொன்னிறமும் தோல் வாசனையுமாகத் தேக்கு வெளியே வந்த பிறகுதான் ‘நெட்டு’ சுவரிலிருந்து இறங்கியது.

மேஸ்திரி குரலை உயர்த்திப் பேசுகிற விஷயம் ஒன்றுதான். டைல்ஸ் அறுக்க வந்த 4 அங்குலக் கட்டிங் மெஷினை ஒரு பிளைவுட் துண்டுக்கு அடியில் தலைகீழாக முறுக்கி, சுவிட்சை அழுத்திக் கட்டிவைத்து, அதையே மேசை ரம்பம் என்று ஓட்டுகிறார்கள். நிமிடத்துக்கு 12,000 சுற்றை ஒட்டி ஓடுகிற மெஷின் அது. பிரிப்புத் தகடு கிடையாது, மூடி கிடையாது, கை தவறினால் தட்டி நிறுத்தச் சுவிட்சும் எட்டாது. கிரைண்டரில் மர பிளேடு மாட்டுவது அதைவிட மோசம். ஒவ்வொரு பிளேடிலும் அதிகபட்சம் எத்தனை சுற்று என்று அச்சிட்டிருக்கிறது. 10 அங்குல பிளேடுகளில் பெரும்பாலும் 7,000-ஐ ஒட்டி இருக்கும். மெஷினின் வேகம் அந்த எண்ணைத் தாண்டினால் அந்த பிளேடு அந்த மெஷினுக்கு இல்லை. நடுத்துளையும் அப்படியே: ஷாஃப்ட் 25.4 மில்லிமீட்டர், துளை 30 மில்லிமீட்டர் என்றால் அதற்கென்று விற்கிற வளையத்தை வாங்கிப் போட வேண்டும். டேப் சுற்றி நிரப்பி ஓட்டிய பட்டறைகளும் இருக்கின்றன. அங்கே பிளேடு ஆடிக்கொண்டே சுற்றும், அறுத்த வழியும் பிளேடைவிட அகலமாகிவிடும்.

கூர் போய்விட்டதா என்று பார்க்க அவர் கையாளும் முறையை யாரும் செய்யலாம். பிளக்கைப் பிடுங்கி, பிளேடைக் கழற்றி வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பல் நுனியைக் கண்ணுக்கு நேராகத் திருப்ப வேண்டும். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது, கண்ணுக்கே தெரியாது. மழுங்கிய விளிம்பில் மெல்லிய வெள்ளிக்கோடு மின்னும். மின்னினால் சாணைக்கு அனுப்ப வேண்டும், அதுவும் வைரக்கல் வைத்துக் கார்பைடு தீட்டுகிறவரிடம். சில நேரம் கூர் அப்படியே இருக்கும், பிசின்தான் அப்பியிருக்கும். வெந்நீரில் சலவை சோடா கரைத்து ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தால் பிளேடு புதிதாகிவிடும்.

சுத்தமான, கூரான பிளேடிலும் மரம் கருகினால் மெஷினைப் பார்க்க வேண்டும். ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்து, அந்தப் பல் முன்பக்கம் இருக்கும்போது அதற்கும், மரத்தை ஒட்டித் தள்ளுகிற கைடுக்கும் உள்ள தூரத்தை அளந்து, கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளக்க வேண்டும். பின்பக்கத்தில் தூரம் குறைந்தால் கைடு பிளேடை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. மரம் அங்கே நெரிபட்டுத்தான் கருகுகிறது. எந்த விலை பிளேடு வாங்கினாலும் இது தீராது.

புதிதாகப் பட்டறை போடுகிறவர்கள் வந்து கேட்டால் மேஸ்திரி சொல்வது சுருக்கம். நெட்டுக்கு 24 பல் ஒன்று, குறுக்குக்கும் பிளைவுட்டுக்கும் 60 பல் ஒன்று. மைக்கா வேலை நிஜமாகவே வருகிறது என்றால் மட்டும் 80 பல் டிசிஜி. கார்பைடு முனை தடிப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். தடித்த முனையைப் பலமுறை தீட்டலாம், மெலிந்த முனை ஒன்றிரண்டு சாணையோடு முடிந்துவிடும். கடையில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, துளையையும் சுற்று எண்ணையும் வழியின் தடிமனையும் உங்கள் மெஷினோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகு பணம் கொடுங்கள்.